இரண்டு பிக்கப்பையும் மாற்றச் சொன்னார்களா? முதலில் மீற்றரை வைத்துப் பாருங்கள்

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, பாவித்த பேஸ் கிற்றார் ஒன்று வாங்கினேன், ஜாஸ் பேஸ் மொடல். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் சத்தமே இல்லை. பின் பிக்கப் வேலை செய்கிறது, ஆனால் ஒரே இரைச்சல், கம்பியில் கை வைத்தால் குறைகிறது. வொலியூமைத் திருப்பினால் கரகர என்கிறது. கடையில் இரண்டு பிக்கப்பையும் மாற்றச் சொல்கிறார்கள். நானே திருத்தலாமா?"

தாராளமாகத் திருத்தலாம். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வைப் பிடித்துக் கரண்டாக மாற்றும் காந்தச் சுருள். பின் பிக்கப்பைத் தொடவே வேண்டாம், அதில் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஜாஸ் பேஸில் இருப்பவை இரண்டும் ஒற்றைச் சுருள் பிக்கப், ஒற்றைச் சுருள் என்றால் கரண்ட் இரைச்சலை இழுக்கத்தான் செய்யும். அதற்காகத்தான் ஒன்றின் சுருள் சுற்றிய திசையையும் காந்தத் திசையையும் மற்றதற்கு எதிராக வைப்பார்கள். இரண்டு வொலியூமும் முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றின் இரைச்சலை மற்றது வெட்டிவிடும். உங்களுடையதில் முன்பிக்கப் (கழுத்துப் பக்கத்தது) ஊமை, ஆகவே வெட்டுவதற்கு ஆள் இல்லை. நீங்கள் இரண்டு வருத்தம் என்று சொல்வது அநேகமாக ஒரே வருத்தம்தான். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறது என்றால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயரும் சரியாக இருக்கிறது. தொட்டால் கூடுகிறது என்றால்தான் கேபிள் செருகும் ஜாக்கில் வயர் மாறியிருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஒரு ஆணியையும் கழற்றாமல் முதல் சோதனையைச் செய்யலாம். கேபிளை கிற்றாரில் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் உடம்பிலும் மல்ரிமீற்றரின் இரண்டு முனைகளையும் வையுங்கள், தடை அளவு 20k (20 ஆயிரம் ஓம்). முன் வொலியூம் முழுதாக, பின் வொலியூம் பூச்சியம். 7k கிட்டக் காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. 20k அளவில் ஒன்றும் காட்டாமல், 200kக்கு மாற்றியதும் 125 சொச்சம் காட்டினால், அது இரண்டு 250k வொலியூம் பொட்டுகளும் (குமிழுக்கு அடியில் இருக்கும், திருப்பினால் மாறும் தடைகள்) சேர்ந்து காட்டும் கணக்கு, பிக்கப் அந்தச் சுற்றிலேயே இல்லை. (பொட்டுகள் எழுதியபடி துல்லியமாக இருப்பதில்லை, 100க்கும் 150க்கும் இடையில் எது வந்தாலும் அதே அர்த்தம்.) பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் எங்கோ ஒரு வயர் எர்த்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

பிக்கப் சுற்றில் இல்லை என்று தெரிந்தால், கம்பிகளைத் தளர்த்திவிட்டு குமிழ்கள் இருக்கும் உலோகத் தகட்டைக் கழற்றித் திருப்புங்கள். எதையும் தொடுமுன் போனில் படம் எடுத்து வையுங்கள். வழமையான ஜாஸ் பேஸில் பிக்கப் வயர் பொட்டின் நடுக்காலுக்குப் போகும், ஜாக்குக்குப் போகும் வயர் ஓரக்காலில் இருக்கும். மற்றக் கிற்றார்களில் பார்த்துப் பழகியவர்கள் இதைப் பிழை என்று நினைத்து மாற்றிவிடுவார்கள், பிறகு ஒரு வொலியூமைப் பூச்சியமாக்கினால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து செத்துப்போகும். முன்பிக்கப்பின் வயர் பொட்டில் விட்டுப்போய் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: பழைய ஈயத்தை எடுத்துவிட்டு, 40 வாட் சோல்டரிங் அயனால், றேடியோவுக்குப் பாவிக்கிற றெசின் உள்ள ஈயத்தால் ஒட்டினால் வேலை முடிந்தது. தகரம் ஒட்டுகிற அமிலம் மட்டும் கிட்டவும் வரக்கூடாது, அது வயரைத் தின்றுவிடும்.

அங்கே எல்லாம் சரி என்றால் பிக்கப்பின் நான்கு மூலைத் திருகாணிகளைக் கழற்றித் தூக்குங்கள், மூடி கழன்று வரும். அடியில் தட்டில் இரண்டு சிறு கண்கள், அவற்றில் வெளிவயரும் சுருளின் நுனிகளும் சேரும். சுருள் வயர் தலைமயிரை விட மெல்லியது, விரல் நகம் பட்டால் போதும், அறுந்துவிடும். மீற்றரை நேரே அந்தக் கண்களில் வைத்துப் பாருங்கள். அங்கே 7, 8k வந்தால் சுருள் நல்லது, வெளிவயர்தான் உள்ளே அறுந்திருக்கிறது. ஒன்றும் வராவிட்டால் பூதக்கண்ணாடி வைத்து அந்த இணைப்புகளைத் தேடுங்கள். வன்னி வெக்கையில் மணிக்கணக்காக வாசிக்கும்போது வழியும் வியர்வை பிக்கப்புக்குள் இறங்கி, அந்த இடத்தில்தான் பச்சை பிடித்துக்கிடக்கும். அறுந்தது வெளிச்சுற்று நுனி என்றால் ஒரு சுற்றை மெதுவாக அவிழ்த்து, சூடான அயனால் எனாமலைக் கருக்கி ஒட்டலாம். உள்நுனி அறுந்திருந்தால் விட்டுவிடுங்கள், அதற்கு முழுச் சுருளையும் திரும்பச் சுற்ற வேண்டும்.

கரகரப்புக்கு கொன்டாக்ற் கிளீனரை பொட்டின் சிறு துவாரத்துக்குள் அடித்து இருபது தடவை திருப்பினால் போதும். மண்ணெண்ணெய் வேண்டாம். போகாவிட்டால் புதுப் பொட், A250K என்று எழுதியது. றேடியோ கடையில் B250K தந்தால் வேலை செய்யும், ஆனால் சத்தம் சீராக ஏறாமல் ஒரேயடியாகக் குதிக்கும்.

கரண்ட் அடிக்கிறதே என்று பிரிட்ஜ் எர்த் வயரை வெட்டுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, செய்யாதீர்கள். கோயில் வீதியில் ஜெனரேற்றரில் வாசிக்கும்போது மைக்கில் உதடு பட்டுக் கரண்ட் அடித்தால் குற்றம் கிற்றாரில் இல்லை, எர்த்தில். மூன்று துவார சொக்கற்றைக் குச்சி விட்டுத் திறந்து இரண்டு முனைப் பிளக்கைச் செருகினால் அம்பிளிபயருக்கு எர்த் எங்கிருந்து வரும்? அம்பிளிபயரும் மைக் செற்றும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கட்டும், ட்ரிப் சுவிட்ச் இருக்கட்டும், எர்த் கம்பியை ஆழமாக அடியுங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் காலத்தில் எங்கள் மண் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று தெரியும்தானே, கம்பியைச் சுற்றி இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியில் முன்பிக்கப் உண்மையிலேயே போய்விட்டது என்றால் அதை மட்டும் வாங்குங்கள், ஆனால் பழையதை அளந்துகொண்டு போங்கள், பல ஜாஸ் பேஸ்களில் பின்பிக்கப் முன்னதை விடச் சற்று நீளம். மாட்டிய பிறகு இரண்டையும் திறந்தால் சத்தம் மெலிந்து அடிநாதம் காணாமல் போகிறதா? புதியதன் இரண்டு வயர்களையும் மாற்றி ஒட்டுங்கள். அடிநாதம் திரும்பி வரும். அதன் பிறகும் இரைச்சல் வெட்டாவிட்டால் காந்தத் திசை ஒத்துவரவில்லை, கடையில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.