10 ஜிகாபிட் கார்டு போட்டும் பேக்கப் ஸ்பீடு ஏறவே இல்ல, 4 டிபி ஃபைல் சர்வர், செகண்டுக்கு 40 எம்பி (மெகாபைட்) தான் ஓடுது, ஏன்?

40 எம்பின்னா 4 டிபி முடிய 27 மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆனா இதுக்கு கார்டு மேல பழி போடாதீங்க, பழைய 1 ஜிகாபிட்லயே செகண்டுக்கு 110 எம்பி பக்கம் போகும். அடைப்பு வேற எங்கயோ இருக்கு.

மொதல்ல ஐபெர்ஃப்3 (நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளக்குற டூல்) ஓட்டுங்க, 9 ஜிகாபிட்டுக்கு மேல காட்டுச்சுன்னா நெட்வொர்க்கை அதோட விட்டுடுங்க. அடுத்து டிஸ்க்ல இருந்து படிக்கிற வேகம் மட்டும் தனியா பாக்கணும். இங்க ஒரு பொறி இருக்கு, லினக்ஸ்ல டார் கமாண்டை (ஃபைல்களைப் படிச்சு ஒண்ணா கட்டுறது) நேரா டெவ்-நல்லுக்கு (வந்ததையெல்லாம் தூக்கிப் போடுற இடம்) அனுப்புனா கண்ணிமைக்கிற நேரத்துல முடிஞ்சிடும், ஏன்னா க்னூ டார் அதைக் கண்டுபிடிச்சு ஃபைலை உள்ள படிக்காமலே விட்டுடும், அதனால நடுவுல பைப் போட்டு கேட் (cat) கமாண்ட் வழியா அனுப்புங்க, அப்பதான் நெஜ நம்பர் வரும். அங்கயும் 40 தான்னா விஷயம் முடிஞ்சுது, அடைப்பு டிஸ்க்ல இருந்து படிக்கிற பக்கம்தான்.

ஃபைல் சர்வர்னா பெரும்பாலும் லட்சக்கணக்குல குட்டி ஃபைல் தான் காரணம். ஒவ்வொண்ணையும் திறந்து மூடணும், ஹார்ட் டிஸ்க் ஹெட் அங்கயும் இங்கயும் ஓடணும், கூடவே ஆன்டிவைரஸ் வேற ஒவ்வொண்ணா மோந்து பாக்கும் (பேக்கப் ப்ராசஸை அதுல எக்ஸ்க்ளூட் பண்ணுங்க). ஃபோல்டரைப் பிரிச்சு நாலஞ்சு ஜாப் ஒண்ணா ஓட்டலாம், ஆனா என்னைக் கேட்டா ஃபைல் ஃபைலா இல்லாம வால்யூமையே பிளாக் லெவல்ல இமேஜா எடுக்குறது தான் மேல், வரிசையா படிச்சுட்டு போயிடும்.

ரெஸ்டோர், அதாவது பேக்கப்புல இருந்து திருப்பி எடுக்குறது, தனிக் கதை. எல்டிஓ-8 டேப் (பேக்கப்புக்கான காந்த நாடா) செகண்டுக்கு 360 எம்பி வரை எழுதும், டேட்டா மெதுவா வந்தா டிரைவும் ஓரளவுக்கு வேகத்தைக் குறைச்சுக்கும், அதுக்கும் கீழ போனா நின்னு நின்னு பின்னாடி போய் எழுதும், அதுக்காக நாலு சர்வர் டேட்டாவை கலந்து எழுதுற மல்டிப்ளெக்ஸிங்கை ஆன் பண்ணுவாங்க, பேக்கப் சூப்பரா பறக்கும், அப்புறம் ஒரே ஒரு சர்வரை மட்டும் திருப்பி எடுக்கும்போது மத்த மூணோட டேட்டாவையும் தாண்டித் தாண்டி போகணும். டீடூப் ஸ்டோரேஜ்லயும் (ஒரே டேட்டா பல தடவை வந்தா ஒரு காப்பி மட்டும் வச்சுக்குறது) இதே வேதனை தான், துண்டு துண்டா கிடக்குறதைப் பொறுக்கி சேக்கணும். ஒரு பெரிய ஃபோல்டரை வேற இடத்துல ரெஸ்டோர் பண்ணி டைம் பாத்து வச்சுக்கோங்க, மேனேஜர் கேட்டா அந்த நம்பரைத்தான் சொல்லணும், பேக்கப் ஸ்பீடை இல்ல.

ஜம்போ ஃப்ரேம்லாம் (நெட்வொர்க்ல வழக்கத்தைவிட பெரிய பாக்கெட்டா அனுப்புறது) கடைசியா பாத்துக்கலாம், நடுவுல ஒரு ஸ்விட்ச் போர்ட்ல மட்டும் எம்டியூ (பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) மாத்த மறந்தா சின்ன பாக்கெட்டா போற பிங் அழகா போகும், பேக்கப் ஜாப் மட்டும் தொங்கிட்டு நிக்கும்.