தம்பி கேட்கிற கிராபிக்ஸ் காட்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

"படிப்புக்கு எண்டு சொல்லிக் கேம் விளையாடத்தான் ஆர்டிஎக்ஸ் லப்டொப் கேக்கிறான். வாங்கிக் குடுக்கலாமோ?" என்று கேட்டிருந்தீர்கள். ஆர்டிஎக்ஸ் என்பது திரைப் படங்களை வேகமாகக் காட்டுவதற்கென்று என்விடியா கம்பனி செய்கிற தனிக் கிராபிக்ஸ் காட். மகன் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக இருக்கிறார், பிரான்சில் இருக்கிற மாமா காசு தருகிறேன் என்கிறார், உங்களுக்குத்தான் பயம்.

முதலில் தம்பியின் பக்கம் கதைக்கிறேன். இரண்டு வருடமாக விடிய எழும்பி ரியூசனுக்கு ஓடிய பிள்ளை பின்னேரத்தில் கூட்டாளிகளோடு ஒரு மணித்தியாலம் விளையாட விரும்புவதில் பிழையில்லை. ஒளித்து விளையாடுகிற நிலைக்கு மட்டும் அவரைத் தள்ளிவிடாதீர்கள். என்ன கேம் விளையாடப்போகிறார் என்று கேளுங்கள். கொம்பியூட்டரைத் தீர்மானிக்கிற கேள்வி அதுதான். வலரன்ட் என்றால், இன்டெல் எச்டி 4000 இருந்தாலே தொடங்கலாம் என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். அது 2012ஆம் ஆண்டில் இன்டெல் புரொசெசருக்குள்ளேயே வந்த கிராபிக்ஸ். மைன்கிராப்ட், ஜிடிஏ 5 போன்றவையும் தரத்தைக் குறைத்து வைத்தால் இன்றைய சாதாரண லப்டொப்பில் ஓடும். புதிதாக வருகிற பெரிய கேம்களுக்குத்தான் தனிக் கிராபிக்ஸ் காட் தேவைப்படுகிறது.

தனிக் காட் இல்லாத லப்டொப்பில் கிராபிக்ஸ் புரொசெசருக்குள்ளேயே இருக்கும். அதற்கென்று சொந்த மெமரி கிடையாது, லப்டொப்பின் பொது மெமரியான றாமில்தான் பங்கு கேட்கும். கடையில் 8 ஜிபி றாம் ஒரே துண்டாகப் போட்டிருந்தால் றாமிலிருந்து தரவு வருகிற பாதை பாதியாகிவிடும், கேம் திக்கித் திக்கி ஓடும். 8 ஜிபித் துண்டு இரண்டு போட்டால் அதே லப்டொப்பில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இன்டெல் புரொசெசருக்குள் வருகிற ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் என்கிற பெயரே றாம் இரண்டு பாதையிலும் வேலை செய்தால்தான் திரையில் வரும். ஒற்றைத் துண்டு என்றால் வெறும் யூஎச்டி என்றுதான் காட்டும். பெட்டியில் ஒரு பெயர், உள்ளே வேறு பெயர் என்று என்னிடம் வந்து மனம் நொந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னொரு துண்டு றாமோடு தீர்ந்திருக்க வேண்டிய பிரச்சினைக்கு லப்டொப்பையே மாற்ற யோசித்தார்கள்.

"படிப்புக்கு ஆர்டிஎக்ஸ் வேணும்" என்பது சில துறைகளுக்கு உண்மை. முப்பரிமாண வடிவமைப்பு, அனிமேசன், வீடியோ எடிட்டிங் என்று போகிறவருக்கு என்விடியா காட் வேலை நேரத்தை மிச்சம் பிடிக்கும். கணினி விஞ்ஞானம் படித்து மென்பொருள் எழுதப்போகிறவருக்கு 16 ஜிபி றாமும், எஸ்எஸ்டி என்கிற வேகமான சேமிப்பகமும்தான் முக்கியம். செயற்கை நுண்ணறிவு படிக்கப்போவதாகச் சொன்னாலும் பயப்படாதீர்கள். தொடக்கத்தில் இணையத்தில் நிரல் ஓட்டிப் பார்க்கிற கூகுள் கொலாப்பில் காசில்லாமலே பழகலாம்.

அதனால் முடியுமென்றால் பெறுபேறும் பல்கலைக்கழகமும் தெரியும்வரை பொறுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. அங்கேயோ மொறட்டுவைக்கோ பேராதனைக்கோ போனால் தம்பி விடுதியிலோ வாடகை அறையிலோதான் இருப்பார். கேமிங் லப்டொப் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், சாஜர் வேறு பாரம். தினமும் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறவர் அவர்தான். வீட்டிலிருந்தே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலிக்குப் போய் வருகிற மாதிரி அமைந்தால் டெஸ்க்டொப்பையும் யோசிக்கலாம். 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி போன்ற புரொசெசரில் தனிக் காட் இல்லாமலே சின்னக் கேம்கள் நன்றாக ஓடும், பிறகு காசு சேர்ந்தால் காட் வாங்கிப் போடலாம். லப்டொப்பில் அந்த வசதி இல்லை.

தனிக் காட் உள்ள லப்டொப்தான் என்று முடிவெடுத்தால் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3050 லப்டொப் காட்டை 35 வாட் மின்சாரத்தில் ஓடவும் விடுவார்கள், 80 வாட்டில் ஓடவும் விடுவார்கள். பெயர் ஒன்று, வேகம் வேறு. அதில் பெரும்பாலும் 4 ஜிபி மெமரிதான், ஆர்டிஎக்ஸ் 4050இல் 6 ஜிபி. விலை வித்தியாசம் தாங்கக்கூடியது என்றால் 6 ஜிபிக்குப் போங்கள்.

பாவித்த அலுவலக டெஸ்க்டொப்பில் ஒரு சின்னக் காட்டைப் போட்டு "கேமிங் பிசி" என்று விற்பார்கள். அந்தக் காட் என்விடியாவின் ஜிடி 1030 என்றால் கட்டாயம் கேளுங்கள்: ஜிடிடிஆர்5 மெமரியா, டிடிஆர்4 மெமரியா? இரண்டாவதன் மெமரி வேகம் முதலாவதில் மூன்றிலொரு பங்குதான், பெயரோ ஒன்றே. புரொசெசர் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது என்றால் வின்டோஸ் 11 முறைப்படி ஏறாது. வின்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புக் காலமும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது.

மாமா அங்கேயே வாங்கி ஆரிடமாவது குடுத்துவிடப் பார்ப்பார். வேண்டாம் என்று அன்பாகச் சொல்லுங்கள். பிரான்ஸ் கீபோட்டில் ஏ இருக்கிற இடத்தில் கியூ இருக்கும், இலக்கம் அடிக்க சிப்ட் பிடிக்க வேண்டும், நிரல் எழுதத் தேவையான அடைப்புக்குறிகளுக்கு இன்னொரு விசை. பழகாத பிள்ளைக்கு அது பெரிய ஆக்கினை. பழுதென்றால் வாரண்டிக்கு எங்கே கொண்டுபோவது? காசாகவே அனுப்பட்டும்.

மிஞ்சிய காசில் இரண்டாவது றாம் துண்டை வாங்குங்கள். டெஸ்க்டொப் என்றால், கரண்ட் நின்றால் கொஞ்ச நேரம் தாங்குகிற ஒரு யூபிஎஸ்சும் வேண்டும். எங்கள் வெக்கைக்கு லப்டொப்பை மெத்தையில் வைத்து விளையாட விடவேண்டாம், காற்று வாய் அடைபட்டால் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ரவுணுக்குப் போகிற அன்று தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். காசு கட்ட முன்னம் லப்டொப்பை ஓன் பண்ணச் சொல்லி, வின்டோஸின் டிவைஸ் மனேஜரில் கிராபிக்ஸின் பெயரை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். பில்லில் எழுதியதும் திரையில் வருவதும் ஒன்றாக இருந்தால் வாங்குங்கள்.