தோள்பட்டை ஏறி இறங்கித் தெரிகிறதே, புத்தகப்பைதான் காரணமா?

கேள்வி: என் மூத்த மகளுக்கு 12 வயது, ஆறாம் ஆண்டு படிக்கிறாள். இன்னும் வயதுக்கு வரவில்லை. எண்ணெய் தேய்த்துவிடும்போது வலது தோள்பட்டை எலும்பு துருத்தியிருப்பதை மாமியார் பார்த்தார். வலி இல்லை. புத்தகப்பையை ஒரே தோளில் மாட்டியதால் வந்தது என்கிறார் என் கணவர். ஊருட் (மலாய் முறையில் உடம்பு பிடித்துவிடுவது) செய்தால் நேராகிவிடும் என்கிறார்கள் தோட்டத்தில். அறுவை சிகிச்சை வரை போகுமா? இளையவளுக்கு 9 வயது, அவளுக்கும் வருமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, ‘இன்னும் வயதுக்கு வரவில்லை’ என்பதுதான். பெண் பிள்ளைகள் மளமளவென்று உயரும் காலம் முதல் மாதவிடாய்க்குச் சற்று முன்னால் வருகிறது. அப்போது ஒரே ஆண்டில் 8 செ.மீ. வரை உயரலாம். தோள்பட்டை துருத்துவதற்கு முதுகெலும்பு வளைந்திருப்பது காரணமாக இருக்கலாம். அப்படி வளைந்திருந்தால் அந்த வளைவும் அப்போதுதான் வேகமாகக் கூடும். வயதுக்கு வந்து சுமார் இரண்டு ஆண்டில் வளர்ச்சி அடங்கிவிடும். அதனால் பள்ளி விடுமுறை வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை. மகள் வெறுங்காலில், பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கட்டும். முதுகு தெரிய வேண்டும். உள்ளங்கைகளைச் சேர்த்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல், முதுகு தரைக்கு இணையாகும் வரை குனியச் சொல்லுங்கள். பின்னால் உட்கார்ந்து, கண்ணை அவள் முதுகின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். விலாவின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்ததோடு திருகியும் இருக்கலாம். இதுதான் ஸ்கோலியோசிஸ். கூன் வேறு, அது முன்பக்கமாகக் குனிவது. மேடு தெரியாமல் இடுப்பு மட்டும் சாய்ந்திருந்தால் கால் நீளத்தில் வித்தியாசம் இருக்கலாம். ஸ்டூலில் உட்காரவைத்துப் பாருங்கள். காலால் வந்த சாய்வு பெரும்பாலும் மறைந்துவிடும்.

உங்கள் மாமியாரின் கண்ணைப் பாராட்ட வேண்டும். பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் தனியாகக் குளித்து உடை மாற்றுகிறார்கள். தொளதொள பாஜு கூரோங் மீதியை மறைத்துவிடுகிறது. வலியும் இல்லாததால் பல வீடுகளில் வளைவு நன்றாகக் கூடிய பிறகே தெரியவருகிறது.

புத்தகப்பை முதுகு வலியைத் தரும், ஸ்கோலியோசிஸைத் தராது. பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடியாது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஊருட் தசையைத் தளர்த்தும், திருகிய எலும்பைத் திருப்பாது. அதில் காசைவிட மாதங்கள் வீணாவதுதான் பெரிய நஷ்டம்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் காட்டி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே நின்ற நிலையில் முழு முதுகெலும்புக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள். படுத்து எடுத்தால் வளைவு குறைவாகத் தெரியும். வளைவு எத்தனை டிகிரி என்று அதில் வரும் அளவுக்குக் ‘கோப் கோணம்’ என்று பெயர். அந்த எண்ணையும் தேதியையும் ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். அளப்பதிலேயே 5 டிகிரி வரை முன்பின் வரும். 18 அடுத்த முறை 21 ஆனால் பதற வேண்டாம், 18 திடீரென்று 26 ஆனால் அது உண்மையான மாற்றம்.

10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்போம். 25-க்குள் இருந்தால் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்காணிப்பு போதும். 25 முதல் 40 வரை, வளர்ச்சியும் பாக்கி இருந்தால் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றி இறுக்கிப் போடும் பிளாஸ்டிக் கவசம். 45, 50-ஐத் தாண்டும்போதுதான் தண்டும் திருகாணியும் பொருத்தும் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வரும்.

பிரேஸ் வளைவை நிமிர்த்துவதற்கு அல்ல, மேலும் கூடாமல் பிடித்து நிறுத்துவதற்கு. 2013-இல் வெளியான அமெரிக்க–கனடிய ஆய்வில் பிரேஸ் போட்டவர்களில் 72 விழுக்காட்டினர் 50 டிகிரியை எட்டாமலே வளர்ந்து முடித்தார்கள், போடாதவர்களில் 48. நாளுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல். ஆக, மணிக்கணக்குதான் மருந்து. பொதுவாக 18 மணி நேரம் சொல்வார்கள். பள்ளியில் கேலிக்குப் பயந்து மகள் மறுத்தால் பிரேஸையே கைவிட்டுவிடாதீர்கள். பிற்பகல் இரண்டு மணிக்குப் போட்டு மறுநாள் காலை ஆறு மணிக்குக் கழற்றினால், குளியலும் விளையாட்டும் போக 14 மணி நேரம் தேறும்.

நம் வெயிலில் வியர்வைதான் எதிரி. உள்ளே தையல் உறுத்தாத பருத்திப் பனியன், சுருக்கமில்லாமல். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். பிரேஸ் அழுத்தும் இடத்தில் தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். தோல் ஊறிப்போய்ப் புண்ணாகும். கழற்றி அரை மணி நேரத்தில் மறையும் சிவப்பு சாதாரணம். மறையாவிட்டால் செய்து கொடுத்தவரிடம் சரிசெய்யுங்கள். உறுத்துகிறதே என்று பட்டையைத் தளர்த்திவிட்டால் பிரேஸ் வெறும் பிளாஸ்டிக் சட்டைதான். நீச்சல், ஓட்டம், உடற்பயிற்சி எதையும் நிறுத்த வேண்டாம்.

இரவில் எழுப்பும் வலி, கால் மரத்துப்போதல், நடை தடுமாற்றம், சிறுநீர் கட்டுப்படாமை, கீழ் முதுகில் முடிக்கொத்து, உடம்பில் பல காப்பி நிறத் திட்டுகள், நெஞ்சுப் பகுதி வளைவு இடப்பக்கம் இருத்தல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். சிறுநீர்த் தொல்லையோ கால் பலவீனமோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

இளையவளுக்கு வந்தே தீரும் என்றில்லை. ஆனால் அக்காளுக்கு உறுதியானால் மற்றப் பிள்ளைகளைவிட இவளுக்கு வாய்ப்பு கூடுதல். அதே குனியும் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். உயரத்தையும் கதவு நிலையில் கோடு போட்டுத் தேதியோடு குறித்து வாருங்கள். கோடு சட்டென்று ஏறத் தொடங்கினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.