கற்பனை மொழியின் சொல்வேரைக் கண்டுபிடிப்பது எப்படி?

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை எழுதிய டோல்கீன், தம் கதைகளில் வரும் எல்ஃப் இனத்தவருக்காகப் படைத்த மொழிகளில் பதிவாகாத சொற்களை வேரிலிருந்து மீட்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு முடியும், ஏனெனில், அவற்றுள் முதன்மையான குவென்யா, சிந்தாரின் ஆகிய இரண்டு மொழிகளையும் ஒரே மூலத்திலிருந்து ஒலிமாற்ற விதிகளின்படி அவர் பிரித்தெடுத்தார்.

தமிழின் பால், புலி ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹுலி என ஒலிப்பதைக் கேட்ட சென்னைவாசிக்கு இம்முறை புதிதன்று. 1816-இல் இதே ஊரிலிருந்து ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ், தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை அருகருகே வைத்துத்தான் அவற்றின் உறவை நிறுவினார்.

மரத்தைக் குறிக்கும் சொல் குவென்யாவில் 'அல்தா', சிந்தாரினில் 'கலத்'. (இவற்றிலுள்ள g, d, dh ஒலிகளைத் தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாது என்பது நம் பழைய சங்கடம்; இங்கு ககரம் என்பது g ஒலியையே குறிக்கும்.) மூலவடிவம் 'கலதா'. குவென்யா சொல்முதல் ககரத்தையும் இடையிலிருந்த அகரத்தையும் இழந்தது. சிந்தாரின் ககரத்தைக் காத்து, இறுதி உயிரை உதிர்த்தது. ஆகவே குவென்யாச் சொல் மட்டும் கையிலிருந்து, அது உயிரெழுத்தில் தொடங்கினால், முன்பு ககரம் இருந்ததா என்று அதைக்கொண்டே தீர்மானிக்க இயலாது. விண்மீனைக் குறிக்கும் 'எலென்' சிந்தாரினிலும் 'ஏல்' என்றே இருப்பதால் அங்கு ககரமில்லை என்கிறோம். பலர் சறுக்குமிடம் இதுவே.

இன்னொரு சிக்கல், ஆசிரியரே வேர்களைத் திரும்பத் திரும்பத் திருத்தியது. 1930-களில் அவர் தொகுத்து, 1987-இல் அச்சான வேர்ச்சொற்பட்டியலின் வடிவங்கள் சில பிற்காலக் குறிப்புகளோடு முரண்படுகின்றன. எனவே நீங்கள் மீட்டெடுக்கும் சொல்லுக்கு முன், அது ஊகித்த வடிவம் என்று காட்டும் உடுக்குறி (*) இட்டு, எந்தக் காலத்துப் பட்டியலைப் பின்பற்றினீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.