அமெரிக்காவில் பொறியியல் ஆராய்ச்சிக்கான அரசு நிதி: இத்தனை புரோகிராம்கள் எதற்கு?

"நல்ல யோசனை யாரிடம் இருந்தாலும் பணம் கொடுத்துவிட்டுப் போகலாமே, அமெரிக்க அரசு எதற்கு இத்தனை ஏஜென்சி, இத்தனை புரோகிராம் என்று பிரித்து வைத்திருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே ப்ரொபோசல், அதாவது ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும் விண்ணப்பம், எழுதியும், மற்றவர்கள் எழுதியதை மதிப்பிடும் குழுக்களில் உட்கார்ந்தும் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பணம் ஒரே உண்டியலில் இருந்து வருவதில்லை. பாதுகாப்பு, எரிசக்தி, விண்வெளி, மருத்துவம் என்று ஒவ்வொரு துறையும் தன் தேவைக்கேற்ப ஆராய்ச்சிக்குத் தனித்தனியாகச் செலவழிக்கிறது. இப்படி எந்தத் துறையின் தேவைக்கும் கட்டுப்படாமல் பணம் தர 1950-இல் உருவானதுதான் தேசிய அறிவியல் அறக்கட்டளை, சுருக்கமாக என்எஸ்எஃப். பொறியியலுக்கென்று தனி இயக்குநரகம் அதில் 1981-இல்தான் வந்தது.

பிரிவுகளின் பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள், அவை அடிக்கடி மாறும். கேள்வியை யார் கொண்டுவருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். என்எஸ்எஃப்பில் பெரும்பாலும் கேள்வி உங்களுடையது. பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி ஏஜென்சியான டார்பாவில் கேள்வி அவர்களுடையது, விடை தேடுவதுதான் உங்கள் வேலை.

சோவியத் யூனியன் ஏவிய ஸ்புட்னிக் செயற்கைக்கோள் தந்த அதிர்ச்சிக்குப் பிறகு, 1958-இல் பாதுகாப்புத் துறைக்குள் தொடங்கியது டார்பா. அங்கே புரோகிராம் மேலாளர்தான் ராஜா. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் இருப்பார். ஒரு சிக்கலைப் பிடிப்பார், ஆட்களைத் திரட்டுவார், கிளம்பிவிடுவார். எழுபதுகளில் இயக்குநராக இருந்த ஜார்ஜ் ஹைல்மையர் வைத்த கேள்விப் பட்டியல் இன்றும் புழக்கத்தில் உண்டு: என்ன செய்யப் போகிறீர்கள், துறைச்சொல் இல்லாமல் சொல்லுங்கள், இன்று அது எப்படி நடக்கிறது, வெற்றி பெற்றால் யாருக்கு லாபம், எவ்வளவு செலவாகும், வெற்றியைச் சோதிக்க இடையில் என்ன தேர்வு, கடைசியில் என்ன தேர்வு. 2004-இல் ஓட்டுநர் இல்லாத வாகனங்களை மொஹாவி பாலைவனத்தில் ஓடவிட்டுப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தார்கள். அதிக தூரம் போன வண்டியே சுமார் 12 கிலோமீட்டரில் நின்றுவிட்டது. பரிசை யாரும் வாங்கவில்லை. அதற்காகக் கடையை மூடாமல், மறு ஆண்டே பரிசை இருமடங்காக்கினார்கள். ஐந்து வண்டிகள் முழுத் தூரத்தையும் கடந்தன, ஸ்டான்ஃபோர்டு அணி பரிசைத் தட்டிச்சென்றது. பதினைந்து பக்க ப்ரொபோசலைப் படித்து மதிப்பெண் போடும் முறையில் இப்படி ஒன்றை நடத்தியிருக்கவே முடியாது.

அந்தப் பதினைந்து பக்கம் என்எஸ்எஃப்பின் வழி. திரவ இயக்கவியல், வெப்பக் கடத்தல், உற்பத்தி, கட்டுப்பாட்டு அமைப்புகள் என்று தலைப்புவாரியாகப் புரோகிராம்கள். உங்கள் துறைக்காரர்களே குழுவாக உட்கார்ந்து 'மிகச் சிறப்பு' முதல் 'மோசம்' வரை ஐந்து படிகளில் மதிப்பிடுவார்கள். 1997 முதல் அளவுகோல் இரண்டு: ஆய்வின் அறிவுத் தரம், சமூகத்துக்கு அதனால் விளையும் பயன். இரண்டாவதற்கு முக்கால்வாசிப் பேர் பள்ளி மாணவர்களைக் கூப்பிட்டு ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டுவோம் என்றுதான் எழுதுகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது.

குழு ஆலோசனைதான் சொல்லும். யாருக்குக் கொடுப்பது என்று பரிந்துரைப்பவர் புரோகிராம் அதிகாரி. இவர்களில் கணிசமானவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து சில ஆண்டுகளுக்கு இரவலாக வந்த பேராசிரியர்கள். அந்த அதிகாரி மதிப்பெண் வரிசையில் மேலிருந்து கீழே அப்படியே எண்ணிக்கொண்டு போகமாட்டார். துணிச்சலான ஒன்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவருடையது, இதுவரை யாரும் தொடாத தலைப்பு என்று கலந்து எடுப்பார். மதிப்பெண்ணில் பின்தங்கிய ஒன்றுக்குப் பணம் கிடைப்பதும், முந்திய ஒன்று கைவிடப்படுவதும் இதனால்தான். இதை அநியாயம் என்று சிலர் புலம்புவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழுவிடம் மட்டும் விட்டால் பத்திரமான யோசனைகளே ஜெயிக்கும்.

தலைப்புவாரிப் பிரிவினையில் நிஜமான குறை வேறு: நடுவில் விழுபவை. குழுவில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது, ஆகவே கற்பனையாக ஓர் உதாரணம். ரத்த ஓட்டத்தை அளக்கும் நுண்கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். திரவ இயக்கவியல்காரர்கள் "இதில் புது இயற்பியல் எங்கே?" என்பார்கள். உயிரிமருத்துவக் குழுவோ "நோயாளிக்கு என்ன பயன்?" என்று கேட்கும். இரண்டு பக்கமும் 'நன்று' வாங்கி, இரண்டு பக்கமும் தோற்கும். இந்த இடைவெளியை அடைக்கும் முயற்சிகளில் ஒன்று, 1985-இல் தொடங்கிய பொறியியல் ஆராய்ச்சி மையங்கள்: பல துறையினரும் தொழில் நிறுவனங்களும் ஒரே கூரையின் கீழ், பத்தாண்டு வரை நிதி. இளம் பேராசிரியர்களுக்கு கேரியர் விருது என்ற ஆராய்ச்சி நிதி தனி. சிறு நிறுவனங்களுக்கு 1982 சட்டப்படி வந்த எஸ்பிஐஆர் என்ற ஆராய்ச்சி நிதித் திட்டம் தனி.

நீங்கள் எழுதத் தொடங்கும் முன் செய்ய வேண்டியது: என்எஸ்எஃப் தளத்தில் கொடுத்த நிதிகளின் சுருக்கங்கள் எல்லாருக்கும் திறந்தே கிடக்கின்றன. உங்கள் புரோகிராம் அண்மையில் எவற்றுக்குப் பணம் கொடுத்தது என்று படியுங்கள். பிறகு ஒரு பக்கச் சுருக்கத்தை அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். "இது எங்களுக்குப் பொருந்தாது, பக்கத்துப் புரோகிராமில் கேளுங்கள்" என்று பதில் வந்தால் பல மாத உழைப்பு மிச்சம்.