தங்கியிருக்கும் வீட்டைப் பற்றி என்ன எழுதுவது?

கேள்வி: என் சொந்த ஊர் நாசரேத். மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்கி ஊழியம் செய்கிறேன். வந்து ஐந்து மாதம் ஆகிறது. வீட்டுக்கார அக்கா எங்கள் சபைக்கு வருகிறவர். அவருடைய மாமியார் முருக பக்தர், தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் தொடங்கப் போகிறார். அந்தப் பத்து நாளும் வேறு வீட்டில் இருந்துவிடு என்று ஊரில் சொல்கிறார்கள். ஊழியத்துக்காக ஜெபிக்கிறவர்களுக்கு மாதாமாதம் அனுப்பும் ஜெபக் கடிதத்துக்கு இந்த வீட்டைப் பற்றி எழுதி, படமும் அனுப்பச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும் அக்கா?
- ஒரு சகோதரி, ரோஸ் ஹில்

பதில்: தங்கச்சி, வீடு மாறாதே. எழுபது பேரை அனுப்பும்போது ஆண்டவர் என்ன சொன்னார் என்று லூக்கா பத்தாம் அதிகாரத்தை இன்னொரு தடவை வாசித்துப் பார். கொடுத்ததைச் சாப்பிடுங்கள், வீட்டுக்கு வீடு போகாதிருங்கள் என்றுதான் இருக்கிறது. விரதம் தொடங்குகிற அன்று நீ பெட்டியைத் தூக்கினால், உங்கள் வீட்டில் இருக்க எனக்குக் கூசுகிறது என்று அந்தப் பெரியம்மாவின் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். மருமகள் அதைக் காலத்துக்கும் சுமக்க வேண்டியிருக்கும்.

கோயிலில் கொடி ஏறியதிலிருந்து காவடி முடியும்வரை வீட்டில் கறி, மீன், முட்டை புழங்காது. ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாடு பெட்டியில் இருந்தால் அதைத் திறக்காதே. அடுப்பில் வேகிற பருப்பும் பூசணிக்காயும் வெறும் சாப்பாடுதான், நன்றி சொல்லிச் சாப்பிடு. படைத்ததை நான் வாங்குவதில்லை. மொரீஷியஸில் நான் தங்கியிருந்த வீட்டிலும் ஒரு மாமியார் இருந்தார், ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன். தட்டை நீட்டும்போது மறுத்தால் அவர் மனசு நோகும் என்று, கொடி ஏறுவதற்கு முன்பே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "சரி, உனக்குத் தனியாக எடுத்து வைக்கிறேன்" என்றார். காவடியன்று வாழையிலையில் பரிமாறுகிற ஏழு கறிச் சாப்பாட்டுக்கு, 'செத் காரி' என்பார்கள், முதல் நாள் ராத்திரி அவர் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து நானும் காய் நறுக்கினேன்.

இப்போது ஜெபக் கடிதம். இதைத்தான் உன்னிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அங்கே ஆறு வருடம் இருந்தேன். ஆச்சிக்குச் சர்க்கரை வியாதி. முதல் வருடம் அவர் காலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. தினமும் சாயங்காலம் நான்தான் கட்டு மாற்றிவிடுவேன். அந்த மாதக் கடிதத்தில், விக்கிரக இருளில் இருக்கிற ஒரு வீட்டில் தங்கியிருக்கிறேன், இந்தத் தாயின் சுகத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதினேன். வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற ஆச்சியின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். என்னை ஊழியத்துக்கு அனுப்பிய அலுவலகத்தில் அதை அப்படியே ஃபேஸ்புக்கில் போட்டார்கள். ஊர்க்காரர்கள் வரிசையாக ஆமென் எழுதினார்கள்.

அந்த வீட்டுப் பேத்தி பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிறவள். தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். அதையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள். "அக்கா, இருள் என்றால் ஃபெர்நுவார்தானே? நம்ம வீட்டிலா?" என்று கேட்டாள். ஃபெர்நுவார் என்றால் அங்கே பேசுகிற கிரியோல் மொழியில் இருட்டு.

ஆச்சி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையும் எனக்கு ஃபராட்டா சுட்டு மூடி வைத்திருந்தார். ஆனால் சாயங்காலம் கட்டு மாற்றப் போனபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. மூன்று மாதம் அது திறக்கவில்லை. ஃபேஸ்புக்கிலிருந்து படத்தை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கிரியோலில் மன்னிப்புக் கேட்டேன், தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

செப்டம்பர் எட்டாம் தேதி ராத்திரி ஆச்சி என்னையும் சேன்ட் குருவாவுக்குக் கூப்பிட்டார். பெர் லவாலின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. 1841-இல் பிரான்சிலிருந்து வந்து, விடுதலையான அடிமைகளோடு பேசுவதற்காகக் கிரியோல் கற்றுக்கொண்டு, 1864-இல் அந்தத் தீவிலேயே இறந்த பாதிரியார் அவர். அவர் நினைவு நாளுக்கு இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் ராத்திரி முழுக்க நடந்து வருவார்கள். கல்லறையில் வேண்டிக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை, ஆனாலும் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பி, "என் காலுக்காக நீயும் ஜெபம் பண்ணு. கடுதாசியில் எழுதாதே" என்றார். மறுநாள் சாயங்காலம் கதவு திறந்திருந்தது.

அதனால் சொல்கிறேன், அந்த வீட்டைப் பற்றி எழுதாதே. உன் மொழி முன்னேறாமல் நிற்பது, உன் உடம்பு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடுக்கிற பாட்டு, இவற்றை எழுது, தாராளமாக எழுது. அந்த வீட்டைப் பற்றி ஒரு வரியாவது எழுதியே ஆக வேண்டும் என்றால், அனுப்புவதற்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. அலுவலகத்தில் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். உன்னை அனுப்பியது அவர்களாக இருக்கலாம், உனக்குக் கதவு திறந்து வைத்தது அந்தப் பெரியம்மா.

கேள்வி: நான் தங்கியிருக்கும் வீட்டில் வாடகை வாங்கவே மாட்டேன் என்கிறார்கள். நன்றிக்கடனை எப்படித் தீர்ப்பது? ஊர்ச் சபையின் ஐந்து மணி ஜெபத்தில் தினமும் போனில் கலந்துகொள்கிறேன், அதில் இந்தக் குடும்பத்துக்காகவும் ஜெபிக்கிறோம்.
- ஒரு தம்பி, காத்ர் போர்ன்

பதில்: தம்பி, பணத்தைக் கையில் திணிக்காதே. கேஸ் தீர்ந்தால் 12 கிலோ சிலிண்டரை நீயே முக்குக் கடைக்குத் தூக்கிப் போய் மாற்றிக் கொண்டு வா. அரிசி தீரும் முன் ஒரு மூட்டை வாங்கி இறக்கு. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வருகிற மாதங்களில் டாங்கி நிரம்புகிறதா என்று பார்த்துக்கொள். 2024 ஜனவரி 15-ஆம் தேதி பெலால் புயல் வந்து போர்ட் லூயியில் கார்கள் வெள்ளத்தில் அடித்துப் போனபோது, நாங்கள் எல்லாரும் ஒரே அறையில் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்தோம். ஜன்னலுக்குக் கட்டை அடிக்க, வாளியில் தண்ணீர் பிடித்து வைக்க அன்று என் கையும் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது. உனக்கும் அப்படி ஒரு நாள் வரும்.

அப்புறம் அந்த ஐந்து மணி ஜெபம். ஊரில் ஐந்து என்றால் உனக்கு அங்கே மூன்றரை. பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவர்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொள், உன் ஜெபத்தை வாய்க்குள்ளேயே சொல்.