அம்மாவுக்கு ஒரு கோல்ஃப் வண்டி – கடிதம், பதில்

அன்புள்ள அண்ணனுக்கு,

துபாயில் கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்த்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததால்தான் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது. எங்கள் வீடு மண்டபம், தென்கடல் பக்கம். அம்மா கரையில் ஏலத்தில் மீன் எடுத்து ஊருக்குள் கொண்டுபோய் விற்கிறார். கரையிலிருந்து தார் ரோடு வரைக்கும் முந்நூறு மீட்டர் மணல். ஒரு நாளைக்கு நாற்பது கிலோ வரை எடுப்பார். இரண்டு நடையாகத் தலையில் சுமந்து ரோட்டில் சேர்த்தால் அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வயது 58. போன வருஷத்திலிருந்து கழுத்து வலிக்கிறது, இடது கை மரத்துப்போகிறது என்கிறார்.

அக்காவை இங்கிலாந்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மச்சானோடு வேலை பார்க்கும் ஒருவர் கோல்ஃப் மட்டைப் பையை வைத்துக் கொண்டுபோகும் தன்னுடைய பேட்டரி தள்ளுவண்டியை 250 பவுண்டுக்குத் தருகிறாராம். பொத்தானை அமுக்கினால் தானே போகும், மடக்கி வைக்கலாம். டிசம்பரில் ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டு எடுத்து வந்துவிடுகிறேன் என்கிறார் மச்சான். நம் பணத்துக்கு முப்பதாயிரத்தை ஒட்டி வரும். வாங்கலாமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

செ., மண்டபம்

அன்புள்ள தம்பி,

வாங்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: கழுத்து வலியோடு கை மரத்துப்போவது வண்டி வாங்கித் தீர்க்கிற காரியம் இல்லை. இந்த வாரமே எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை தலையில் சும்மாடு ஏறக் கூடாது.

இனி வண்டிக்கு வருவோம். அந்த மைதானத்தில் ஆறு வருஷம் இருந்தேன். வெயிலுக்குப் பயந்து முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்து ஓட்டும் வண்டியைத்தான் எடுப்பார்கள். நடந்தே ஆடுவேன் என்கிற வைராக்கியக்காரர்கள் கொஞ்சம் பேர் இந்தப் பேட்டரி தள்ளுவண்டியைச் சொந்தமாக வைத்திருந்தார்கள். சாயங்காலம் அவற்றைத் துடைத்து, சார்ஜில் போட்டு, வரிசையாக நிறுத்துவது என் வேலை. அதனால் அந்த வண்டியின் குணம் எனக்குத் தெரியும். நல்ல வண்டி. ஆனால் அது என்ன வேலைக்குப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

கோல்ஃபில் ஒரு ஆட்டத்துக்குப் பதினான்கு மட்டைக்கு மேல் எடுத்துப்போகக் கூடாது. 1938, 39இல் வந்த விதி அது. எனவே பையின் எடைக்கு ஒரு வரம்பு தானாகவே வந்துவிடுகிறது. மட்டை, பந்து, குடை, தண்ணீர் எல்லாம் சேர்த்தாலும் பன்னிரண்டு, பதினைந்து கிலோ. சிரமம் சுமையில் இல்லை, தூரத்தில்தான். பந்தைப் போட வேண்டிய பதினெட்டுக் குழியையும் சுற்றி வர எட்டு, பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டும், நாலு மணி நேரம் ஆகும். லேசான சுமை, நீண்ட நடை, காலடியில் ஒட்ட வெட்டிய புல். வண்டி செய்கிறவன் இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் செய்கிறான். உங்கள் அம்மாவுக்கு மூன்றும் தலைகீழ். கனமான சுமை, குறுகிய தூரம், காலடியில் மணல்.

இதில் மணல்தான் வில்லன். கோல்ஃப் மைதானத்திலும் மணல் உண்டு, தெரியுமா? வேண்டுமென்றே குழி வெட்டி மணலை நிரப்பி வைத்திருப்பார்கள். பந்து அதில் விழுந்தால் ஆடுகிறவர் அதை அடித்து வெளியே எடுக்கத் திண்டாட வேண்டியதுதான். அந்தக் குழிக்குள் தள்ளுவண்டியைக் கொண்டுபோகவே கூடாது. குழியின் விளிம்பில் நிறுத்திவிட்டு மட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஸ்காட்லாந்தில் கடலை ஒட்டிய மணல்மேட்டில் பிறந்த விளையாட்டு இது. அங்கே மணலைப் புல் இறுக்கிப் பிடித்திருக்கும், ஆடு மேயும். அப்படியிருந்தும் வண்டியை மணலில் இறக்க அவர்களுக்கே மனசு வரவில்லை. இங்கிலாந்தில் மழைக்காலத்தில் தரை சொதசொதவென்று ஆனால் பல கிளப்புகளில் தள்ளுவண்டியையே உள்ளே விடமாட்டார்கள். சில இடங்களில் முள்ளம்பன்றி மாதிரி முள் வைத்த சக்கரம் மாட்டினால்தான் அனுமதி.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒட்ட வெட்டிய புல்லில் ஒரு வண்டியை உருட்ட, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு இழுவைகூட வேண்டியதில்லை. காய்ந்து தளர்ந்த மணலில் அது நாலில் ஒரு பங்கு வரை போகும். பையும் வண்டியுமாக 27 கிலோ என்றால் புல்லில் மூன்று கிலோவுக்கும் குறைவான இழுவை. உங்கள் மீன் நாற்பது, வண்டி பன்னிரண்டு, ஆக 52 கிலோவுக்கு மணலில் பதின்மூன்று கிலோ இழுவை. நாலைந்து மடங்கு. மோட்டார் இருநூறு வாட் சுமாருக்கு இருக்கும். மெதுவாகப் போனால் இழுத்துவிடுமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

என்னிடமே ஒன்று இருந்தது. ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரர் 2011இல் பழைய வண்டியை எனக்குத் தந்துவிட்டுப் போனார். கார்கோவில் டேங் டப்பா, போர்வை, சோப்புக்கு நடுவில் அதையும் சுருட்டி ஊருக்கு அனுப்பினேன். லீவில் வந்ததும் கரைக்குக் கொண்டுபோனேன். வத்தை, அதாவது மீன்பிடிப் படகு, வந்து இறங்கும் நேரம், பாதி ஊர் அங்கேதான் நிற்கிறது. சூடை மீன் ஒரு கூடை, இருபது கிலோ இருக்கும், வைத்துக் கட்டி பொத்தானை அமுக்கினேன். இருபது அடி போயிருக்கும். அப்புறம் சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. சுற்றச் சுற்றத் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. மோட்டாருக்குப் பலம் இல்லாமல் இல்லை. பலம் இருந்ததால்தான் அவ்வளவு வேகமாகப் புதைந்தது. எங்க ஆத்தா கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "இதையும் சேத்து ஆருடா தூக்குறது?" என்று கேட்டது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் கரையில் அதைச் சொல்லிக் காட்ட ஆள் இருக்கிறது.

தனுஷ்கோடிக்கு 2017இல் ரோடு வருவதற்கு முன்னால் மணலிலும் தண்ணீரிலும் வேன் ஓட்டிய டிரைவர்களைப் பார்த்திருப்பீர்கள். மணலில் இறங்கும் முன் டயரில் காற்றைக் குறைத்துவிடுவார்கள். டயர் பரந்து படுத்தால் எடை பரவும், பரவினால் புதையாது. கோல்ஃப் வண்டியின் சக்கரமோ கெட்டியான பிளாஸ்டிக், இரண்டு மூன்று விரல் அகலம். அதில் எந்தக் காற்றைக் குறைப்பது?

மச்சான் பெட்டியில் போட்டு எடுத்து வருவேன் என்கிறாரே, அதையும் பார்ப்போம். பதினெட்டுக் குழி ஓடும் லித்தியம் பேட்டரி பெரும்பாலும் 12 வோல்ட், 18 ஆம்பியர்-அவரை ஒட்டி இருக்கும். பெருக்கினால் 216 வாட்-அவர், பேட்டரி பிடிக்கும் மின்சாரத்தின் அளவு அது. பயணிகள் விமானத்தில் இந்த மாதிரித் தனி பேட்டரிக்கு 160தான் உச்சம். அதுவும் நூறைத் தாண்டினால் விமான கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக் கையில்தான் கொண்டுவர வேண்டும். ஆகவே வண்டியின் கூடும் சக்கரமும் வந்து சேரும், பேட்டரி ஏர்போர்ட்டிலேயே நின்றுவிடும். பழைய ஈய பேட்டரி என்றால் அதுவே பத்து கிலோ. சார்ஜருக்கு மட்டும் பிரச்சினை இல்லை. அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்கை மாற்றினால் போதும்.

உப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் வண்டி சிமெண்ட் ரோட்டில் நன்றாகவே ஓடியது என்பதையும் நியாயத்துக்குச் சொல்லிவிடுகிறேன். தெருக்குழாயிலிருந்து இரண்டு குடம் தண்ணீரை வைத்து ஆத்தாவே ஓட்டிப் பழகிக்கொண்டது. நம் மாவட்டத்தில் குடத்துக்கென்றே தள்ளுவண்டி வைத்திருக்கிற தெருவில் அது ஒரு வேடிக்கை. ஒரு வாடைக்காலம் தாண்டியதும் பேட்டரி வயர் மாட்டும் இடம் பச்சை பூத்தது. சுரண்டி மாட்டினேன். அடுத்த வருஷம் கைப்பிடிக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டு போயிற்று. கப்பலூரிலோ மதுரையிலோ அதற்கு ஸ்பேர் தேடி அலைந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இத்தனைக்கும் நான் வைத்தது நல்ல தண்ணீர். மீன் கூடையிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் என்றால் ஒரு வருஷம்கூடத் தாங்காது.

மச்சான் கோல்ஃப் ஆடுகிறவர் என்றால் அவரே வாங்கிக்கொள்ளட்டும். வாரம் ஒரு தடவையாவது ஆடி, முதுகு வலியும் இருந்து, மைதானம் மேடு பள்ளமாக இருந்தால் 250 பவுண்டு வீணாகாது. ஆனால் பேட்டரிக்கு எத்தனை வயது என்று கேட்டுவிட்டு விலை பேசச் சொல்லுங்கள். பழசான பேட்டரியை மாற்ற வேண்டி வந்தால், மிச்சம் பிடித்த பணத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். வருஷத்துக்கு நாலு தடவை ஆடுகிறவர் என்றால் கையால் இழுக்கும் சாதா வண்டியே போதும்.

அம்மாவுக்கு நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். வெல்டிங் பட்டறையில் இரண்டு சக்கர வண்டி ஒன்று அடிக்கச் சொல்லுங்கள். மோட்டார் கிடையாது. ஆட்டோவுக்குப் போடும் 4.00-8 டயர், பழசாக இருந்தாலும் பரவாயில்லை, நாலு அங்குல அகலம் இருக்கிறது. காற்றைப் பாதிக்கும் கீழே வையுங்கள். சுமை நேராக அச்சின்மேல் உட்கார வேண்டும், முன்னால் தள்ளி உட்கார்ந்தால் பாரம் கைக்கு வரும். கரையில் ஏலம் முடிந்ததும் நேராக மேட்டு மணலில் ஏறாமல், அலை நனைத்து இறுகிய ஈரமணலிலேயே கொஞ்சம் சுற்றிப் போய், ரோடு மிகக் கிட்டே வரும் இடத்தில் ஏறச் சொல்லுங்கள். சுற்றுதான், ஆனால் சிரமம் வெகுவாகக் குறையும். காய்ந்த மணலைக் கடக்கும் அந்தக் கடைசித் துண்டுக்கு மட்டும் நீங்களோ வீட்டில் வேறு யாராவதோ கூட நில்லுங்கள். வண்டி வந்துவிட்டதே என்று இரண்டு நடையை ஒரு நடையாக்க ஆசைப்படவும் வேண்டாம்.

செலவு முப்பதாயிரத்தின் பக்கத்தில்கூட வராது. பட்டறைக்கு அம்மாவையும் கூட்டிப் போங்கள். கைப்பிடி உயரத்தை அவரை நிற்க வைத்து அளந்துதான் வெட்ட வேண்டும். உங்கள் உயரத்துக்கு வெட்டிவிட்டால், அவர் மறுபடி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டுதான் போவார்.

அன்புடன்